தேடிய இடத்தில் திருமழபாடி இல்லை

போன வாரம் நந்தினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்று எழுந்து வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். எங்கள் பெரம்பலூர் அலுவலகத்தில் புதிதாக ஒரு பெரிய திரை வைத்திருக்கிறார்களாம். ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வட்டம். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு.

"அக்கா, ஒரு வட்டம் சிவப்பாவும் இல்ல, பச்சையாவும் இல்ல. வட்டத்தையே காணோங்கக்கா. அப்படின்னா அது இல்லைன்னு அர்த்தமா?"

அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பாலை மறந்துவிட்டேன். "கறுப்புத் திரையத் தொற. மொதல்ல எந்த மெஷின்ல இருக்கேன்னு வாசி. சத்தமா வாசி" என்றேன். அவள் சிரித்தாள். "மெஹர் மேடம் மாதிரியே பேசறீங்க. இதையெல்லாம் எழுதிக் குடுங்கக்கா, இங்க யாருக்கும் தெரியல" என்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்து போயிருந்தது.

அவள் கேட்டது ஒரு வரிப் பதில். அதை ஒரு வரியில் சொல்ல என்னால் முடியாது. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள் என்று அலுவலகத்தில் எனக்கு ஏற்கனவே நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறேன்.

நான் விக்கிரமங்கலத்துக்காரி. அரியலூரில் தட்டச்சு படித்து, லோயரும் ஹையரும் முடித்து, பெரம்பலூரில் ஓர் அறக்கட்டளையில் தட்டச்சராகச் சேர்ந்தேன். விவசாயிகளின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் அறக்கட்டளை அது. முதலில் தபால் அட்டையில் பதில் போட்டோம். பிறகு தொலைபேசி வந்தது, பிறகு கணினி வந்தது, பிறகு பதிவு செய்த குரலே ஆயிரக்கணக்கான கைபேசிகளுக்குத் தானாகப் போய்ப் பேசும் காலம் வந்தது. மக்காச்சோளத்தில் படைப்புழு, முந்திரிப் பூவில் கொசு, பருத்திக்கு எப்போது மருந்து என்று எல்லாவற்றுக்கும் குரல். கூட வேலை பார்த்தவர்கள் மவுஸைப் பிடித்துக்கொண்டு திரையில் ஊர்ந்தபோது நான் மட்டும் கட்டளை வரியைப் பிடித்துக்கொண்டேன். காரணம் அறிவெல்லாம் இல்லை. என் விரல்கள் தட்டச்சு விரல்கள், மவுஸ் அவற்றுக்கு ஒத்துவரவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்ததும் மறு வரியில் பதில் வந்து நிற்பது எனக்கு முதல் நாளிலிருந்தே பிடித்துப் போயிற்று. இன்றைக்கும் பிடிக்கும்.

பிறகு கன்டெய்னர் வந்தது. லாரியில் போகும் இரும்புப் பெட்டி இல்லை, மென்பொருளில் வருவது. கல்யாணச் சமையல்காரர் தன் அண்டா, கரண்டி, அடுப்பு எல்லாவற்றையும் தானே கொண்டுவந்து இறக்கிவிடுவார், நாம் இடமும் தண்ணீரும் கொடுத்தால் போதும். அப்படித்தான் இதுவும். ஒரு நிரலை அதற்கு வேண்டிய எல்லாச் சாமான்களோடும் சேர்த்து ஒரு கட்டாகக் கட்டி, எந்த இயந்திரத்தில் இறக்கினாலும் ஓடும்படி வைப்பது. எங்கள் ஒவ்வொரு சேவையும் ஒரு கன்டெய்னர் ஆயிற்று. அவற்றுக்கு ஊர்ப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். முந்திரிச் சேவை உடையார்பாளையம். மக்காச்சோளம் விக்கிரமங்கலம், அது நான் சண்டை போட்டு வாங்கிய பெயர். கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்தால் கரையோரத்து ஆட்களுக்குச் சொல்லும் சேவைக்குத் திருமழபாடி.

இந்த வேலைகளுக்கெல்லாம் தலைவராக வந்தவர் மெஹர் மேடம். லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் கணினி வேலை பார்த்துவிட்டு, வாப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊர் திரும்பியவர். என்னைவிட வயதில் சின்னவர், அதனால் நான் அவருக்கு அமுதாக்கா. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. என் குரலோ மாடிப்படி வரைக்கும் கேட்கும். எங்கள் இருவருக்கும் எப்படித்தான் ஒத்துப்போனதோ.

அவரிடம் எதையாவது "இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டால் போதும், கையில் இருக்கும் டீயைக் கீழே வைத்துவிடுவார்.

"எங்க தேடினீங்க அமுதாக்கா?"

"மெஷின்லதாங்க மேடம்."

"எந்த மெஷின்ல? என்னா அடிச்சுத் தேடினீங்க? இல்லைன்னு சொல்லாதீங்க. நான் தேடின எடத்துல இல்லைன்னு சொல்லுங்க. அதுக்கு மேல சொல்ல நமக்கு உரிமை கெடையாது."

அடுத்து நடப்பதுதான் வேடிக்கை. எழுந்து வந்து திரையைப் பார்க்க மாட்டார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு "வாசிங்க" என்பார். நான் அடித்த வரியைப் புள்ளி, கோடு, இடைவெளி விடாமல் வாய்விட்டு வாசிக்க வேண்டும். அதுவும் வரியின் தலையிலிருந்து. கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியும் அந்த இயந்திரத்தின் பெயரோடுதான் தொடங்கும், அதற்குப் பிறகுதான் நாம் அடிப்பது வரும். அந்தப் பெயரை யாரும் படிப்பதில்லை. பஸ் டிக்கெட்டில் மேலே அச்சடித்திருப்பதை யார் படிக்கிறார்கள்? மேடம் படிக்கச் சொல்வார். தினமும் பார்க்கிற பெயரை தினமும் வாசிக்க எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"கண்ணு இருக்குங்க மேடம் எனக்கு. பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"கண்ணு நெனச்சதப் பாக்கும் அமுதாக்கா. வாயி இருக்கறதத்தான் படிக்கும். வாசிங்க."

ஒரு கன்டெய்னர் இருக்கிறதா என்று பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். இருக்கிறது. கன்டெய்னர்களைப் பார்த்துக்கொள்ளும் நிரலின் பெயர் டாக்கர். டாக்கர் என்று அடித்து, இடம் விட்டு, பி.எஸ். என்று அடித்தால் ஒரு பட்டியல் வரும். புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் அதுதான். அந்தப் பட்டியல் இப்போது ஓடிக்கொண்டிருப்பவற்றை மட்டும் காட்டும். நிறுத்தி வைத்தது அதில் வராது. அதுவும் வேண்டுமென்றால் பின்னால் ஒரு மைனஸும் ஏ என்ற எழுத்தும் போட வேண்டும். அப்போதுதான் ஓடுவது, நிற்பது, பாதியில் விழுந்தது எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஓடுவதற்கு நேராக "அப்" என்றும் நிற்பதற்கு நேராக "எக்ஸிட்டட்" என்றும் இருக்கும். ஓடவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. பங்குனி மாதத்தில் கொள்ளிடத்தைப் போய்ப் பாருங்கள், கண்ணுக்கெட்டியவரை மணல்தான். அதற்காக ஆறு இல்லை என்று எவராவது சொல்வாரா?

பெயர் சொல்லித் தேடவும் வழி உண்டு. அதிலும் ஒரு குழி இருக்கிறது. உடையார்பாளையம் என்று தேடினால், நாங்கள் ஒத்திகைக்காக வைத்திருந்த உடையார்பாளையம்-டெஸ்டும் கூடவே வந்து நிற்கும். ஒரு சமயம் அசல் போய்விட்டது, ஒத்திகை மட்டும் இருந்தது. எங்கள் காலைச் சரிபார்ப்பு அதைப் பார்த்துவிட்டு "இருக்கிறது, இருக்கிறது" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. முந்திரிக்காரர்கள் போன் செய்து "என்னாங்க, நம்மள மறந்துட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து பெயருக்கு முன்னால் கூரை மாதிரி இருக்கும் குறி ஒன்று, பின்னால் டாலர் குறி ஒன்று போடுவோம். தலையிலும் வாலிலும் ஆணி அடித்த மாதிரி, அந்தப் பெயர் மட்டும்தான் வரும். எனக்கு அந்தக் கூரைக் குறி மீது தனிப் பிரியம் உண்டு.

இனி திருமழபாடிக்கு வருகிறேன். அந்தச் சேவையின் குரல் என் குரல். அரியலூர் கிளை அலுவலகத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்த்து ஊற்றப் பதிவு செய்தோம். அலுவலகத் தமிழில் நான் பேசியதை மேடம் ஒதுக்கித் தள்ளிவிட்டார். "ஒங்க ஊருல எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசுங்க" என்றார். அதனால் பதிவு இப்படித்தான் இருக்கும்: "கொள்ளிடத்துல தண்ணி வருது. திட்டுல இருக்கறவங்க, மாடு கன்ன ஓட்டிக்கிட்டு ஒடனே கரை ஏறுங்க. கரை ஏறுங்க." எடுக்கும் வரை திரும்பத் திரும்ப அழைக்கும். எடுத்தவர் வைக்கும் வரை திரும்பத் திரும்பச் சொல்லும்.

ஆற்றுக்கு நடுவே புல் முளைத்த மணல் மேடுகளைத்தான் திட்டு என்கிறோம். கோடையில் மாடுகளை அங்கே ஓட்டிக்கொண்டு போனால் பொழுது சாயும்வரை மேயும். கரையில் தண்டோரா போட்டால் திட்டுக்குக் கேட்காது. சின்னப்பொண்ணு என்று ஓர் அம்மா, புருஷன் இல்லை, மாடுகள்தான் பிழைப்பு. கைபேசியை பாலிதீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு தினமும் திட்டுக்குப் போகிறவர். நாங்கள் எண்கள் வாங்க வீடு வீடாகப் போனபோது முதல் ஆளாக எண்ணைக் கொடுத்தவர் அவர்.

ஒரு சித்திரை வெயிலில், ஒத்திகைக்காகப் பட்டனை அமுக்கியது நிஜமாகவே எல்லாருக்கும் போய்விட்டது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சின்னப்பொண்ணு அரியலூர் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அன்று நான் அங்கே இருந்தேன்.

"எவ அவ, தண்ணி வருதுன்னு சொன்னவ?"

"நான்தாங்க" என்றேன்.

"எங்கடி தண்ணி? மணலு கால வேவ வைக்குது. சென மாட்ட ஓட்டிக்கிட்டு வுழுந்து எழுந்து ஓடியாறேன், ஊரே பாத்து சிரிக்குது. ஆறே காஞ்சு கெடக்கறப்ப ஒனக்கு எதுக்கு போனு? தண்ணி நின்னா நீயும் நிறுத்து. தண்ணி வர்ற காலத்துல பேசு."

எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மெஹர் மேடம் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்க சொல்றது நியாயம் அமுதாக்கா. ரெண்டு தடவ சும்மா சொன்னா, மூணாவது தடவ நெசமா சொல்றப்ப நம்ப மாட்டாங்க" என்றார். அப்படித்தான் எங்கள் வழக்கம் பிறந்தது. மாசியில் ஆறு வற்றியதும் திருமழபாடியை நிறுத்திவிடுவோம். ஆனியில் மறுபடி ஓட்டுவோம். ஓட்டுகிற நாளில் மேடம் வீட்டிலிருந்து நெய்ச்சோறு வரும். கணினி உலகத்தில் ஆற்றைப் பார்த்து நிரலை நிறுத்துகிற கூட்டம் எங்களைத் தவிர வேறு எதுவும் இருக்குமா என்று தெரியவில்லை. எங்களுக்கு அதில் பெருமைகூட இருந்தது.

அந்த வழக்கம்தான் ஒரு வைகாசியில் எங்கள் கழுத்தைப் பிடித்தது.

அந்த வருடம் பெரம்பலூரில் இருந்த பழைய இயந்திரத்திலிருந்து அரியலூரில் வைத்த புது இயந்திரத்துக்கு எல்லாவற்றையும் மாற்றினார்கள். மாற்றியது ஓர் ஒப்பந்த நிறுவனம். அப்போது நான் மகளின் பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்தபோது "எல்லாம் போயாச்சு" என்றார்கள், நானும் சரி என்றேன். பழைய இயந்திரத்தில் இடம் நிரம்பி வழிந்தது. அதைத் துடைத்து ஒப்படைக்க அந்த நிறுவனத்திலிருந்து தினேஷ் என்ற பொறியாளர் வந்திருந்தார். கெட்டிக்காரர், விரல் வேகம் என்னையே பொறாமைப்பட வைக்கும். மேடம் அன்று ஊரில் தங்கை மகள் நிக்காஹ்வுக்காக விடுப்பு.

காலை வேலை சூடுபிடித்த நேரம். அரியலூர் கிளையிலிருந்து களப்பணியாளர் கலியமூர்த்தி கூப்பிட்டார்.

"அக்கா, மேல எங்கயோ மழ கொட்டியிருக்காம். முக்கொம்புலேருந்து கொள்ளிடத்துக்குத் தண்ணி தொறந்துட்டாங்க. மத்தியானத்துக்குள்ள இங்க வந்துரும். பட்டன அமுக்கறேன், சேவையே இல்லைங்குது."

"தண்டோரா?"

"கரையில போடுறாங்க. திட்டுக்கு எப்படிக் கேக்கும்? சின்னப்பொண்ணு அங்கதான் போயிருக்குதாம் அக்கா, பக்கத்து வூட்டுல சொன்னாங்க. அது நம்பரு என்கிட்ட தனியா இல்ல, எல்லாம் மெஷினுக்குள்ளதான் கெடக்கு."

அதுதான் உண்மை. எண்கள், என் குரல், யாரை எந்த வரிசையில் கூப்பிட வேண்டும் என்பது எல்லாமே அந்தக் கன்டெய்னருக்குள் இருந்தன. அவசரத்தில் ஒத்திகையாகப் போட்டது, அப்படியே நிலைத்துவிட்டது. நகல் ஒன்று திருச்சியில் இருந்தது. அதை வரவழைத்து ஏற்ற அரை நாள் ஆகும், ஆறு அரை நாள் காத்திருக்காது.

நான் தினேஷிடம் சொன்னேன். மாசியில் நிறுத்தி வைத்தது, மைனஸ் ஏ போட்டுப் பாருங்கள் என்றேன். அவர் ஏற்கனவே அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். கூரைக் குறி, பெயர், டாலர் குறி, எல்லாம் சரியாக. பதில் வந்தது. தலைப்பு வரி மட்டும் இருந்தது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"இல்லைங்கக்கா. நின்னதுலயும் இல்ல, ஓடறதுலயும் இல்ல. அழிஞ்சு போயிருக்கும்" என்றார் தினேஷ்.

திட்டில் ஒரு பொம்பளை மாடு மேய்த்துக்கொண்டிருக்கிறாள், பின்னால் ஆறு வருகிறது, அவள் மடியில் போன் இருக்கிறது, எங்களிடம் எண் இல்லை.

தினேஷ் தளரவில்லை. "புதுசா ஒண்ணு போட்டுடலாம். கலியமூர்த்தி அண்ணன் வூடு வூடா நம்பர் கேட்டு அனுப்பட்டும், நான் ஏத்தறேன். மொதல்ல இங்க இடம் வேணும். நின்னு போன கன்டெய்னரையெல்லாம் மொத்தமா தூக்கிட்டா இடம் கெடைச்சிரும்" என்றார். போன் வந்தபோது பாதியில் விட்டிருந்த கட்டளை பக்கத்து ஜன்னலில் அப்படியே நின்றது. நிறுத்தி வைத்த அத்தனையையும் அழிக்கும் கட்டளை. நிச்சயமா, ஆம் என்றால் "ஒய்", வேண்டாம் என்றால் "என்" என்று கேட்டுக் காத்திருந்தது. அவர் விரல் ஒய் எழுத்துக்கு மேலே வந்துவிட்டது.

"தம்பி, கைய எடுங்க" என்றேன். கத்தினேன் என்பதே சரி. ஏன் என்று கேட்டிருந்தால் எனக்குக் காரணம் சொல்லத் தெரிந்திருக்காது. எதையும் அழிப்பதற்கு முன் மேடத்துக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்ற பழக்கம், அவ்வளவுதான். அவர் திகைத்துப் போய்க் கையை எடுத்தார். நான் மேடத்தைக் கூப்பிட்டேன்.

பின்னால் ஒரே கூச்சலும் பிரியாணிக் கரண்டிச் சத்தமும். விஷயத்தைச் சொன்னதும் சத்தம் குறைந்தது, வாசலுக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. நான் மூச்சுவிடாமல், "திருமழபாடி இல்ல மேடம், அழிஞ்சு போச்சு" என்றேன்.

"எங்க தேடினீங்க?"

"மேடம், நேரம் இல்லீங்க."

"அதனாலதான் கேக்கறேன். வாசிங்க. தலையிலேருந்து."

கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். பற்களைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். வரியின் தலையில் இருந்ததை வாசித்தேன். "அரியலூர்" என்று தொடங்கியது. தொடங்கியதும் என் நாக்கு நின்றுவிட்டது.

"அது புது மெஷினு அமுதாக்கா."

"ஆமாங்க மேடம்."

"பக்கத்து ஜன்னல்ல என்னா இருக்கு? வாசிங்க."

பக்கத்து ஜன்னலின் வரித் தலையில் "பெரம்பலூர்" என்று இருந்தது. இரண்டு ஜன்னலும் ஒரே கறுப்பு, ஒரே வெள்ளை எழுத்து. இரண்டும் ஒரே இயந்திரம் என்றே தினேஷும் நானும் நினைத்திருந்தோம். தேடியது புது இயந்திரத்தில். அழிக்க இருந்தது பழைய இயந்திரத்தில்.

தினேஷுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. நான் சொல்வதற்கு முன்பே அவர் "என்" எழுத்தை அமுக்கி அந்தக் கட்டளையை ரத்து செய்துவிட்டார். பழைய இயந்திரத்தில் அதே வரியை அடித்தார். இப்போது அவரும் வாய்விட்டு வாசித்தார். "பெரம்பலூர். டாக்கர் பி.எஸ். மைனஸ் ஏ." கூரை, பெயர், டாலர். அந்த ஒரு நொடி போதும், என் ஓய்வூதியக் காலம் முழுவதும் நினைத்து நினைத்து மகிழ.

தலைப்பு வரிக்குக் கீழே ஒரு வரி வந்தது. எக்ஸிட்டட். மூன்று மாதத்துக்கு முன். திருமழபாடி.

"இருக்கு மேடம், இருக்கு, இருக்கு" என்று நான் குதித்தேன். அக்கவுண்ட்ஸ் அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பிற்பாடு என்ன நடந்தது என்று புரிந்தது. எதை எதை மாற்ற வேண்டும் என்ற பட்டியலை ஓடிக்கொண்டிருந்தவற்றைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். வேறு எந்த ஊரிலும் அது சரியான பட்டியலாகத்தான் இருந்திருக்கும். ஆற்றோடு சேர்ந்து தூங்கும் கன்டெய்னர் ஒன்று உண்டு என்று எங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

ஓட்டச் சொன்னால் ஓட மறுத்தது. இடமில்லை என்றது. இதில் தினேஷை நான் மெச்ச வேண்டும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவருக்கு அத்துப்படி. தான் கொண்டுவந்து இறக்கியிருந்த பெரிய கோப்புகளை மட்டும் ஒவ்வொன்றாக வாசித்து வாசித்து நீக்கினார். மறுபடி ஓட்டினார். பட்டியலில் எக்ஸிட்டட் இருந்த இடத்தில் அப் என்று வந்தது. அரியலூர்ப் பட்டன் புது இயந்திரத்தைத்தான் கூப்பிடும் என்பது அடுத்து அவருக்கே தோன்றி, அதையும் பழையதற்குத் திருப்பிவிட்டார். நான் ஒரு வரி அடிப்பதற்குள் அவர் மூன்று வரி அடித்தார்.

"கலியமூர்த்தி, அமுக்கு."

திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. அழைக்கிறது, எடுத்தார், எடுத்தார், எடுக்கவில்லை, எடுத்தார். நான் ஒவ்வொரு வரியையும் மேடத்துக்கு வாசித்தேன். அங்கே நிக்காஹ் நடக்கிறது, இங்கே நான் எண் வாசிக்கிறேன், அவர் ஒரு தடவையும் போதும் என்று சொல்லவில்லை. எல்லா வரியும் எடுத்தார் என்று முடிந்த பிறகும் ஒரு வரி மட்டும் மாறவே இல்லை. சின்னப்பொண்ணு, எடுக்கவில்லை. மறுபடி அழைக்கிறது. எடுக்கவில்லை. மறுபடி.

"மடியிலதான கட்டியிருப்பாங்க மேடம், ஏன் எடுக்கல?"

"கேக்கும் அமுதாக்கா. இன்ஷா அல்லா கேக்கும். நீங்க வாசிங்க."

அந்த வரி மாறியது. எடுத்தார். பிறகு மாறவே இல்லை, அழைப்பு நீண்டுகொண்டே போயிற்று. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எங்களால் கேட்க முடியாது, குரல் போகும், வராது. நீளம் மட்டும் தெரிந்தது. என் பழைய குரல் அந்த மணல் திட்டில் கரை ஏறுங்க, கரை ஏறுங்க என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பிறகு அழைப்பு நின்றது. வைத்தாரா, போன் தண்ணீரில் விழுந்ததா, தெரியவில்லை. தினேஷ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். கலியமூர்த்தி பைக்கை எடுத்துக்கொண்டு திருமழபாடிக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கிருந்து அவர் கூப்பிட்டபோது போனில் மாடுகள் கத்தும் சத்தம்தான் முதலில் கேட்டது.

"அக்கா, கரையிலதான் நிக்குது. மாடெல்லாம் ஏறிடுச்சு. திட்டச் சுத்தி இப்பத்தான் தண்ணி பாயுது. ஒங்ககிட்ட பேசணுங்குது. கோவமா இருக்குது, பாத்துக்கங்க."

போன் கைமாறியது.

"எவ அவ? நீதானா? ஏறிட்டேன், ஏறிட்டேன்னு எத்தன தடவடி சொல்றது ஒனக்கு? நா பாட்டுக்கு மாட்ட ஓட்டிக்கிட்டே போன காதுல வச்சுக்கிட்டு ஏறிட்டேங்கறேன், நீ பாட்டுக்கு ஏறு ஏறுங்கற. காது கேக்காதா ஒனக்கு?"

நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்தது. தினேஷ் என் கையிலிருந்த போனை வாங்கி, "கேட்டுச்சுங்கம்மா, கேட்டுச்சு" என்றார். இன்னொரு போனில் மெஹர் மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, சாப்பிடப் போனார்.

அதற்குப் பிறகு திருமழபாடியை நாங்கள் நிறுத்தவே இல்லை. வருடம் முழுக்க ஓடும், நிஜமாகத் தண்ணீர் திறந்தால் ஒழிய கோடையில் யாரையும் அழைக்காது. ஆனி மாதம் ஒத்திகை பார்க்க ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் அழைப்பு போகும். அந்த எண் யாருடையதாக இருக்கலாம் என்று பேச்சு வந்தபோது, திட்டு வாங்கிப் பழகியவளுடையதாக இருக்கட்டும் என்று மேடம் என் எண்ணைப் போட்டுவிட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகும் யாரும் அதை நீக்கவில்லை.

நந்தினி கேட்டதற்கு வருகிறேன். அவளும் இரண்டு இயந்திரத்திலும் தேடி வாசித்தாள், வட்டம் காணாமல் போன கன்டெய்னர், அந்தப் பெரிய திரையின் கணக்கில் வராத இரண்டாவதில் எக்ஸிட்டட் என்று நின்றிருந்தது. அன்று மாலையே ஓட்டிவிட்டாள். அது எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆனி பிறந்துவிட்டது. நேற்றுக் காலை விக்கிரமங்கலத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்தேன். கொள்ளிடத்துல தண்ணி வருது, கரை ஏறுங்க என்றாள் அவள். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்கப் பேசியவளின் குரல், இப்போதைய என் குரலைவிடக் கொஞ்சம் இளசு.

"ஏறிட்டேன்டி" என்றேன், அவள் கேட்கமாட்டாள் என்று தெரிந்தும்.